காதில் இருந்தது பஞ்சு: பரீட்சைத் தடையை நீக்கக் கோரி ஒரு முறையீடு

அனுப்புநர்:
திருமதி புஷ்பராணி சண்முகலிங்கம்,
ரொம்மன்,
ஒஸ்லோ.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
முறையீட்டுப் பிரிவு,
சாரதிப் பரீட்சை நிலையம்,
ஒஸ்லோ.

விடயம்: பேருந்துச் சாரதிக்கான எழுத்துப் பரீட்சையில் மோசடி செய்ததாக என்மீது எழுதப்பட்ட குறிப்பையும், ஆறு மாதத் தடையையும் நீக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

1. கடந்த ஜனவரி மாதம் உங்கள் நிலையத்தில் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, காதுக்குள் ஒலிக்கருவி வைத்து வெளியாள் ஒருவரிடம் விடை கேட்டேன் என்று முடிவு செய்யப்பட்டு எனது பெறுபேறு இரத்துச் செய்யப்பட்டது. என் காதில் இருந்தது பஞ்சு. வேறொன்றும் இல்லை.

2. இந்த மனுவை முதலில் தமிழில் எழுதுகிறேன். நோர்வேஜிய மொழியில் எழுதினால் பாதி நியாயம் வழியிலேயே சிந்திவிடுகிறது. என் மகள் யதுர்ஷா மொழிபெயர்த்துத் தருவாள். இரண்டும் சேர்ந்தே உங்களுக்கு வரும். "அம்மா, அப்பாவின்ரை கதையெல்லாம் அவைக்குத் தேவையில்லை" என்று அவள் சொல்கிறாள். ஒரு வரியும் வெட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதை இல்லாமல் இந்த வழக்கே இல்லை.

3. என் கணவர் சண்முகலிங்கம் இந்த நகரில் இருபது வருடங்களுக்கு மேல் பேருந்து ஓட்டியவர். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. பேச்சும் போனது. சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது. சாரதி அனுமதிப்பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அதே பேருந்துத் தரிப்பிடத்தில் வண்டிகளைத் துப்புரவு செய்பவள். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தால் ஓட்டப் பழக்கி வேலையும் தருவதாக நிறுவனத்தார் சொன்னார்கள். ஐம்பது வயதுக்குக் கிட்ட இது என்ன விளையாட்டு என்று சிரித்தவர்களும் உண்டு. நான் சிரிக்கவில்லை.

4. முதல் தடவை சித்தியடையவில்லை. என்னை விழுத்தியது காற்று பிறேக் பகுதி. பேருந்தின் காற்றுத் தாங்கியில் காற்று இறங்கிவிட்டால் நிறுத்தி வைத்த வண்டி என்ன ஆகும் என்ற கேள்விக்கு, உருண்டோடும் என்று விடை கொடுத்தேன். சின்னக் காரில் பழகிய புத்தி அப்படித்தான் போகும். பேருந்தில் கை பிறேக்கைப் பிடித்து வைத்திருப்பது காற்று அல்ல, இரும்புச் சுருள்வில். காற்று அந்த வில்லைத் தள்ளி வைத்திருக்கும் வரைதான் சக்கரம் சுழலும். இதை நான் விளங்கிக்கொள்ளவே பல நாட்கள் சென்றன.

5. ஆகவே சிறு வயதில் வாய்ப்பாடு பாடமாக்கியது போல, அதே இராகத்தில், விடைகளைத் தமிழில் கட்டிச் சொல்லிப் பழகினேன். குசினியில் நின்று சமைத்தபடியே சொல்வேன். கணவர் மேசையில் இருப்பார். ஒருநாள், "காற்று இருந்தால் பிறேக் விடும், காற்றுப் போனால்" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், உப்புப் போட்டேனா என்ற யோசனையில் நிறுத்திவிட்டேன். பின்னால் இருந்து, "பிறேக் பிடிக்கும்" என்று கேட்டது. அதே இராகம். என் கணவரின் குரல். அதற்கு முந்திய எத்தனையோ மாதங்களாக அந்த வாயிலிருந்து நாங்கள் முனகலைத் தவிர எதையும் கேட்டதில்லை. யதுர்ஷா அறையிலிருந்து ஓடி வந்து, "அப்பா கதைச்சவரோ?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அழுதேன். கறி அடிப்பிடித்துவிட்டது.

6. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் இது நடக்கக்கூடியதுதான் என்றார். பேச்சு அடைபட்ட சிலருக்கு இராகத்தோடு சேர்ந்து சொல் வருமாம். அதை விடாமல் செய்யச் சொன்னார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. முதல் பாதி நான் சொல்வேன், நிறுத்துவேன். மறு பாதி அவர் சொல்வார். அவர் சொன்னதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்வேன். குளிரில் தாங்கிக்குள் நீர் தேங்கி உறைவது, அபாய விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்துவது, காற்று ஒழுகுகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் இப்படியே படித்தோம். நான் பிழையாகச் சொன்னால் இடக்கையால் மேசையில் தட்டுவார். நான் பரீட்சைக்குப் படித்தேனா, அவர் பேசப் படித்தாரா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

7. பரீட்சையன்று கடும் குளிர். எங்கள் ஆட்கள் பனிக்குக் காதில் பஞ்சு வைப்பவர்கள். எவ்வளவு நல்ல தொப்பி இருந்தாலும், அதற்குக் கீழே பஞ்சு இருந்தால்தான் எனக்கு நிம்மதி. நல்லெண்ணெய் ஒரு துளி தொட்டு வைப்பேன். உள்ளே போனதும் தொப்பியைக் கழற்றினேன், பஞ்சை மறந்துவிட்டேன். கணினியில் கேள்விகள் வர, எனது வாயும் தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

8. உங்கள் மேற்பார்வையாளர் தமது அறிக்கையில், என் காதுக்குள் ஏதோ தெரிந்ததாகவும், நான் வேற்று மொழியில் முணுமுணுத்ததாகவும், பிறகு பதிலைச் செவிமடுப்பவர் போல நிறுத்தியதாகவும், மீண்டும் முணுமுணுத்துவிட்டு விடையைத் தெரிவு செய்ததாகவும் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் நிறுத்தினேன். அந்த இடைவெளி என் கணவருக்கு உரியது. அவர் ரொம்மனில், வீட்டு மேசையில் இருந்தார். அங்கிருந்து எந்தக் கருவியும் இல்லாமல்தான் எனக்குக் கேட்டது.

9. அடுத்து நான் செய்தது புத்தி கெட்ட வேலை. மேற்பார்வையாளர் வந்து என்னை அலுவலகத்துக்கு வரும்படி தாழ்ந்த குரலில் அழைத்தார். அப்போதுதான் காதில் பஞ்சு இருப்பது நினைவு வந்தது. அதிகாரி ஒருவருக்கு முன்னால் எண்ணெய்ப் பஞ்சும் காதுமாகப் போய் நிற்பது மரியாதை இல்லை என்று பட்டது. வழியில் கழிப்பறைக்குள் போய் அதை எடுத்துப் போட்டு நீரைத் திறந்துவிட்டேன். காதில் ஏதாவது இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அந்த நேரத்தில் இல்லை. "இல்லை" என்றேன். பஞ்சைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது பார்த்தால், கள்ளனே நேரில் வந்திருந்தாலும் இதைவிடத் திறமாகச் செய்திருக்க மாட்டான். மரியாதைக்குச் செய்த காரியம் மோசடிக்குச் சாட்சியாகிவிட்டது.

10. சென்ற தடவை சித்தியடையாத ஒருவர் இம்முறை காற்று பிறேக் பகுதியில் ஒரு பிழையும் விடவில்லை என்பதும் சந்தேகத்துக்குக் காரணம் என உங்கள் கடிதம் சொல்கிறது. படித்தவர்களுக்குப் பிழை குறைவது வழமை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்பார்வையாளர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்டதைத்தான் எழுதினார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஐயப்பட்டிருப்பேன். ஆனால் ஐயப்பட்ட பிறகு ஒரு கேள்வியாவது கூடக் கேட்டிருப்பேன்.

11. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. கடிதம் வந்த கிழமையே லோறென்ஸ்கூக்கில் இருக்கும் என் மச்சாள் தொலைபேசி எடுத்து, "சோதினையிலை ஏதோ பிடிபட்டிட்டியளாம்" என்று கேட்டுவிட்டார். அதைத் தாங்கிக்கொள்வேன். வேலை இந்த வசந்த காலத்தில் கைவிட்டுப் போனால், அதையும் அழுது ஆற்றிக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது வேறு.

12. உங்கள் கடிதத்தை யதுர்ஷா எனக்கு வாசித்து விளங்கப்படுத்தியபோது என் கணவரும் பக்கத்தில் இருந்தார். முணுமுணுத்தது, நிறுத்தியது என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும் "என்னாலை" என்றார். இராகம் இல்லாமல் அவர் சொன்ன முதல் சொல் அதுதான். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. நான் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினால் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பேச்சுப் பயிற்சி தரும் அம்மையாரிடமும் அப்படித்தான். அவர் பேசியதால்தான் எனக்குத் தண்டனை என்று நினைக்கிறார். இல்லை என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அவர் நம்பவில்லை. அரசாங்கக் கடிதத்தை நம்புகிற மனிதர் அவர்.

13. ஆகையால் நான் வேண்டுவது:

மோசடி என்ற அந்தச் சொல்லை எனது பெயருக்கு நேரே இருந்து எடுத்துவிடுங்கள்.

என்னைத் தனியறையில் இருத்தி மீண்டும் பரீட்சை வையுங்கள். காது, தலை, சட்டைப்பை எதை வேண்டுமானாலும் சோதியுங்கள். வாய்விட்டுச் சொல்ல மட்டும் அனுமதி தாருங்கள். தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் பக்கத்தில் இருத்துங்கள்; நான் யாரோடு கதைக்கிறேன் என்பதை அவர் உங்களுக்குச் சொல்வார்.

இவை இரண்டும் சட்டத்தில் இடமில்லாதவை என்றால், தடை அப்படியே இருக்கட்டும். இராகத்தோடு சொல்லிப் படிப்பது குற்றம் அல்ல என்று ஒரு வரி எழுதி, உங்கள் முத்திரையோடு அனுப்புங்கள். அதை என் பெயருக்கு எழுத வேண்டாம். திரு. சண்முகலிங்கம் என்று எழுதுங்கள்.

14. நிறுத்தி வைத்த பேருந்தைத் தோள் கொடுத்துத் தள்ளி நகர்த்த முடியாது. காற்று ஏறினால்தான் பிறேக் விடும். என் வீட்டிலும் இப்போது அதே நிலைதான். நான் தள்ளிப் பார்த்துவிட்டேன், முடியவில்லை. நீங்கள் எழுதப்போகும் வரிக்காகக் காத்திருக்கிறோம்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 11 பெப்ரவரி 2025

இவ்வாறு மெய்யாக எழுதிக் கையொப்பமிடுபவள்,
புஷ்பராணி சண்முகலிங்கம்

இணைப்புகள்:
உங்கள் கடிதத்தின் பிரதி.
பேச்சுப் பயிற்சி தரும் அம்மையாரின் சான்றுக் கடிதம்.
பஞ்சு, சிறிதளவு. எண்ணெய் தொடாதது.