உழவு மெஷினுக்கு ஊற்றுகிற ஒயில்

இன்று காலை மாவடிப்பள்ளி வயல்களுக்கு நடுவே அந்த நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது. கருகிய ஒயிலின் நாற்றம். வேளாண்மை வெட்டும் மெஷின் ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அதன் பின்னால் உருண்ட வெள்ளைக் கார் ஓரத்தில் ஒதுங்கி நின்று ஆவி விட்டது. ஓட்டி வந்தவள் இளம்பெண். அவள் இறங்குவதற்குள் ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் வாய்க்கால் தண்ணீர் அள்ளப் போனார். இன்னொருவர் கேள்வி எதுவும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்: "பொம்புளைகள் ஓடினா இப்பிடித்தான் எஞ்சின் கொதிக்கும்."

தோழி, அன்று உனக்குச் சொன்ன அதே வசனம். ஒரு சொல் மாறவில்லை.

உன் கலியாணத்தில் வீடு உன் பெயரில், கார் மாப்பிள்ளை பெயரில் என்று பேசி முடித்தார்கள். இரண்டும் உன் வாப்பாவின் உழைப்பு. மாப்பிள்ளை கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு கார் முற்றத்தில் கிடந்தது. அதற்குப் பொறுப்பு அவருடைய காக்கா, அதாவது அண்ணன், என்றானது. வயலும் உழவு மெஷினும் வைத்திருந்த அந்த மச்சானிடம் கேட்டுத்தான் நீ சாவி வாங்கினாய். லைசென்ஸ் எடுத்தாய். சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறைக்கு அப்பால் நாம் இருவரும் படிப்பித்த பாடசாலைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு ஓடினாய். அதற்கு முன் நாம் பஸ்ஸில் தொங்கிப்போய் முதல் பாடம் தொடங்கிய பிறகு சேர்ந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. நீ ஸ்டியரிங்கைப் பிடித்ததும்தான் ஊருக்கு வாய் திறந்தது.

பிறகு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. மச்சான் காரைக் கராஜுக்கு அனுப்பினார். தேர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். ரேடியேட்டரையே மாற்றினார்கள். அடுத்த கிழமை வயல் நடுவே மறுபடி கொதித்தது. இனி இன்னொரு தரம் கொதித்தால் சாவியைத் தந்துவிட்டுப் பஸ்ஸில் போ என்று அவர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் நீ அழவில்லை. நான்தான் கத்தினேன். நீ என்னைப் பார்த்து, "வாயை மூடு புள்ள, எனக்கு யோசிக்கணும்" என்றாய்.

ரேடியேட்டரைக் கழற்றியபோது நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். மேலும் கீழும் பெரிய தண்ணீர்க் குழாய்கள். அடியில் விரல் தடிப்பில் இரண்டு சின்னக் குழாய்கள். அவை எங்கே போகின்றன என்று நீ கேட்டதற்கு, கியர் தானாக மாறுகிற கார் என்பதால் கியர் பொக்ஸுக்கு என்று கராஜ்காரர் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நீ அங்கேயே நின்றுவிட்டாய். "ரேடியேட்டர் எஞ்சினுக்கு மட்டுமில்ல. கியர் பொக்ஸ்ட ஒயிலும் இதுக்குள்ளால போய்த்தான் ஆறுது. அந்த ஒயில் நெருப்பா வந்தா எஞ்சின்ட தண்ணியும் சேந்துதானே கொதிக்கும்?" என்று என்னிடம் கேட்டாய். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனாலும் நம்பினேன்.

மச்சானை வரச்சொல்லி, முற்றத்தில் காரை ஸ்டார்ட் பண்ணி, ஏசியும் போட்டுவிட்டு அவருக்குத் தேநீர் கொடுத்தாய். அவர் ஆறுதலாகக் குடித்து முடித்தார். முள் அசையவில்லை. அடுத்து அவரை முன் சீட்டிலும் என்னைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு பாலத்து ஏற்றத்துக்குப் போனாய். எஞ்சின் அலறியது, கார் ஊர்ந்தது. முள் ஏறியது. ஓரம் கட்டி, கியர் பொக்ஸின் அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்தாய். தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தது.

"மணந்து பாருங்க மச்சான்."

அவர் மணந்தார். முகம் சுளித்தார். அப்புறம்தான் கதை வெளியே வந்தது. பாடசாலை விடுமுறையில் காரைச் சேர்விஸ் பண்ணுகிறேன் என்று தன் வீட்டு வளவுக்குக் கொண்டுபோனவர், உழவு மெஷினுக்கு வைத்திருந்த ஒயிலையே கியர் பொக்ஸிலும் ஊற்றியிருக்கிறார். வெட்கப்படாமல் வாதாடவும் செய்தார்: "சேத்துக்குள்ளால நெல்லு மூட்டையோட இழுக்கிற மெஷினுக்கு ஊத்துற ஒயில் இது. இந்தச் சின்னக் காருக்குக் காணாதா?"

"உழவு மெஷின்ட ஒயில்கிட்ட கியர் பொக்ஸ்ட வேலையக் கேட்டா அது என்ன செய்யும் மச்சான்? உள்ளுக்குப் பிடிக்காம வழுக்குது. வழுக்குற சூடுதான் இது. நான் ஓடின சூடில்ல."

நான் பின் சீட்டிலிருந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சரியான ஒயில் போட்டுக் கழுவி எடுத்த பிறகு முள் பாதியைத் தாண்டவில்லை. அதைவிட முக்கியம், அவரிடமிருந்த மற்றச் சாவியையும் நீ கேட்டு வாங்கினாய்.

நோய் உன்னைக் கொண்டுபோய் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியவுமில்லை. அந்தச் சாவி உன் கைப்பையில் இருக்கும், எடுத்துத் தா என்று உன் மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். கார் உன் பெயரில் இல்லையே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை. என் கலியாணப் பேச்சில் கார் என்றதும், என் பெயரில் பதிந்தால் மட்டும் வாங்குங்கள் என்றேன். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைப் பேசி வந்த மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் இருந்து கதைத்தார்கள்.

இன்று நான் ஓடி வந்தது என் பெயரில் பதிந்த அந்தக் காரில்தான். இறங்கி, கொதித்து நின்ற காரின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன ஒருவரின் கையைத் தடுத்தேன். முதலில் ஆறட்டும் என்றேன். பிறகு அந்தப் பெண்ணிடம், கியர் பொக்ஸ் ஒயிலைக் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியா. வீட்டு ஆம்புளைகள்தான் பாக்குற."

"ஓடுறது நீங்கதானே. நீங்க பாருங்க."

துணியைக் கொடுத்தேன். கம்பியை உருவினாள், மணந்தாள், உன் மச்சானைப் போலவே முகம் சுளித்தாள். என்ன நடக்கிறது என்று விளக்கினேன். என் வாயில் வந்ததெல்லாம் உன் வசனங்கள். சுற்றி நின்றவர்கள் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி கேட்டார்கள். ஒருவர் மட்டும், "சாவியத் தாங்க தங்கச்சி, நான் மெல்ல ஓடிக் கராஜுல விடுறன்" என்று கையை நீட்டினார்.

"இத ஓடினா இன்னும் கருகும். இழுத்துக்கிட்டுப் போறவங்களக் கூப்பிடுறன்" என்றாள் அவள். சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்து மூடினாள்.