விரதம் என்று நான் சொன்னது

ஆக. 13, செவ்வாய்
விடியற்காலை மழை, பிறகு சுள்ளென்று வெயில். நாலாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்த வேண்டும். தொடவில்லை.

பத்து மணிக்கு ஆள் வந்தது. சரசு அவள் பள்ளிக்கூடத்து மெர்டேக்கா சுதந்திர விழா ஒத்திகையில் மயங்கி விழுந்துவிட்டாளாம். என் வகுப்பை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் கிடந்தது பதினாறு வயதுப் பெண் மாதிரியே இல்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு இன்றுதான் தெரிகிறது. என்ன தாய் நான்.

வார்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மிஸ்ஸி தமிழ்ப் பெண், தைப்பிங் ஊர்க்காரி. சட்டை மாற்றும்போது கேட்டாள், "கையில என்னக்கா மஞ்சக் கயிறு?"

காப்பு. சித்திரையில் அம்மன் திருவிழாவுக்குக் கட்டியது. பத்தாம் நாள் கோயிலில் அவிழ்த்துவிட்டு, அன்றே வயிறாரச் சாப்பிட வேண்டும். இப்போது ஆடி முடியப் போகிறது. வீட்டுக்காரர் அழைத்துப் போயிருப்பார் என்று நான் இருந்தேன். நான் போயிருப்பேன் என்று அவர்.

ஆக. 14, புதன்
லீவு எழுதிக் கொடுத்தேன்.

எந்தெந்த நாளில் சாப்பிடுவாள் என்று டாக்டர் கேட்டார். விரத நாட்களை விரல் மடக்கிச் சொன்னேன். திங்கள் சிவனுக்கு. செவ்வாய், வெள்ளி அம்மனுக்கு. வியாழன் குருவுக்கு. சனி பெருமாளுக்கு. நடுவில் கிருத்திகை, அமாவாசை. புதன், ஞாயிறு வயிறு சரியில்லை என்பாள். சொல்லி முடித்தேன், வாரமே முடிந்துவிட்டது.

இதைத்தான் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருத் துணிக்கடை வரைக்கும் போய்ப் பெருமையடித்தேன். "எங்க சரசு ஒரு விரதம் விடமாட்டா." பெண்கள் அவள் கையால் குங்குமம் வாங்கிப் போனார்கள். மெலிய மெலிய, முகத்தில் தெய்வக் களை என்றார்கள். தமிழ் பேச வராத பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் மட்டும் மலாயில், "குருஸ் சங்காட், சாக்கிட் இனி." ரொம்ப மெலிஞ்சுட்டா, இது நோவு என்று. பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தேன். வெட்கம்.

ஆக. 16, வெள்ளி
பூசாரியை வார்டுக்கே கூட்டி வந்தேன். காப்பை அவிழ்த்தார். வீட்டுக்காரரும் நானும் கும்பிட்டோம். தீர்ந்தது என்று கேரியரைத் திறந்தேன். சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, பாயசம்.

ச. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கயித்த அவிழ்த்தா சோறு இறங்கிடுமா? எனக்குச் சாமி பயம் இல்லம்மா. சாப்பாடுதான் பயம்."

பூசாரி போய்விட்டார். மிஸ்ஸி கேரியரை மூடினாள். "இவ்வளவும் ஒரேடியா உள்ள போனா உடம்பு தாங்காதுக்கா. ஆபத்து. டாக்டர் சொல்ற அளவுதான், கொஞ்சம் கொஞ்சமா."

பெற்றவள் சோறு போடக்கூடாதாம். ஆத்திரம். வீட்டுக்கு வந்து பாயசத்தைக் கொட்டிவிட்டு அழுதேன்.

ஆக. 20, செவ்வாய்
டாக்டர் சொன்னது, மறக்காமல் இருக்க:
– வீம்பு இல்லை. பக்தியும் இல்லை. நோய்.
– பட்டினி கிடந்தால் மனசும் குழம்பும். உடம்பு கொஞ்சம் தேறினால்தான் பேச்சு ஏறும். பிறகு தினமும் அவளோடு உட்கார்ந்து பேசுவார்.
– படுக்கையிலேயே ஓய்வு. ஒவ்வொரு வேளையும் மிஸ்ஸி பக்கத்தில்.
– கெஞ்சக்கூடாது, திட்டக்கூடாது. உடம்பைப் பற்றி நல்லதாகக்கூடப் பேசக்கூடாது.
– சாப்பாட்டு நேரத்தில் நான் வரக்கூடாது.
– மாதக்கணக்கில் ஆகும். ஆபத்து இன்னும் நீங்கவில்லை.

பிழைத்துவிடுவாள் இல்லையா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "பார்ப்போம்மா." யார் தப்பு என்றார் வீட்டுக்காரர். "அதைத் தேடிக்கிட்டிருந்தா பிள்ளைக்கு என்ன லாபம்?" என்றார் டாக்டர்.

ஆக. 25, ஞாயிறு
சோப்பு, சீப்பு, ச.வுக்கு நைட் கவுன் துணி. மறுபடி மழை.

துணிக்கடை அம்மாள், "பாப்பா எப்ப வரும்? மருமகளுக்குக் குங்குமம் வாங்கணும்."

"அவளுக்கு நோய்க்கா. விரதம்னு நான் சொன்னது தப்பு."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தம்மாள் துணியை மடித்தபடியே நின்றார்.

நேற்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அழுதாளாம் ச. இன்று கொஞ்சம் கஞ்சி. மிஸ்ஸி சொன்னாள்.

ஆக. 31, சனி
மெர்டேக்கா. ஊரே பாடாங் மைதானத்தில். வார்டில் ரேடியோ, ஒரே சத்தம்.

இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை உள்ளே விட்டார்கள். ச.வே கேட்டாளாம்.

"என்னைப் பார்க்காதம்மா. ஆனா போயிடாத."

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் கொடி வரைந்த லட்சணத்தைச் சொன்னேன். ஸ்பூன் சத்தம் வரும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் திரும்பிவிடத் துடித்தேன். திரும்பவில்லை. பேசிக்கொண்டே இருந்தேன், என்ன பேசினேனோ. அரை மணிக்கு மேல் ஆயிற்று. மிஸ்ஸி கிண்ணத்தை எடுத்துப் போனாள். எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவில்லை.

கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "நாளைக்கு என்ன கொண்டு வரட்டும்?"

ச. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. வெறுங்கையோட வா."