ஒரு பெட்டிகூட நனையவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நலமாக இருந்தால் எங்களுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதபோது நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன், அம்மா கல்லாகிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு இப்போது பேச்சு வருவதில்லை. பேனாவைப் பிடித்தால் ஏதோ வருகிறது, அதனால் எழுதுகிறேன். அப்பாவின் பட்டறையில் வெள்ளத்தில் முங்கிய மோட்டார்கள் வாசல்வரை வரிசை கட்டி நிற்கின்றன, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேற்றைக் கழுவி வெயிலில் காயவைக்கிறார், யாராவது பேச்சுக் கொடுத்தால் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசுகிறார். அவருக்கு முதுகுவலி, உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், சொல்லிவிட்டேன்.

குட்டி மாமாவுக்கு என்ன நடந்தது என்று நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய், முதலிலிருந்து சொல்கிறேன். அந்த வாரம் ஒருநாள் காலையில் மருந்துக் கிடங்கில் என் கையிலிருந்த ஸ்கேனரில் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் மேட்டுக் கிடங்கு, மேட்டுக் கிடங்கு என்றே வந்தது. வழக்கமாக ஊர் ஊராகப் பிரிந்து போகும் சரக்கு, அன்றைக்கு எல்லாமே மேட்டுப்பக்கம் இருக்கும் எங்கள் இன்னொரு கிடங்குக்கு. சூப்பர்வைசரைக் கேட்டோம், 'சிஸ்டம் சொல்லுது, ஏத்துங்க' என்றார், அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். வெளியே மழையும் இல்லை, துணி காயும் வெயில். மாமாவும் எங்களோடு இரண்டு நாள் தொடர்ந்து லோடு ஏற்றினான், ஆள் மாற்றிக்கொள்ளக்கூட அவனை விடவில்லை. கடைசி லாரி போனதும் காலிக் கிடங்கின் நடுவில் நின்று, 'அக்கா, நாளைக்கு பேட்டும் பந்தும் கொண்டாரேன், இங்கயே ஆடலாம்' என்றான். உன் பேச்சும் வந்தது. 'உம் பொண்ணு ஆபீஸ்ல இருக்குற மாதிரி கம்ப்யூட்டர்தான் இதெல்லாம் சொல்லுதாம், ஏன்னு கேட்டா மட்டும் வாயத் தெறக்காதாம், சின்னப் புள்ளையில அவ இருந்த மாதிரியே' என்று சிரித்தான். அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்று சாப்பிடாமலே படுக்கப் போனான். நம் வீடு மாடியில், அவன் அறை தெருக்கோடியில் ஆற்றுச்சுவரை ஒட்டி. ஆற்றின் மேல்பக்கம் எங்கோ பெய்த மழை விடியும்போது இங்கே வெள்ளமாக வந்தது. அப்பா கதவைத் திறந்தபோது பாதிப் படிக்கட்டுவரை தண்ணீர், தெருக்கோடியில் சுவரும் இல்லை அறையும் இல்லை. அவ்வளவுதான் கண்ணு. கிடங்கின் பின்புறம் அடுக்கியிருந்த காலிக் கூடைகளும் ஆற்றோடு போயின, அவை திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கூடைகள், ஒவ்வொன்றிலும் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்ன வில்லை ஒன்று பதித்திருக்கும், அதை வைத்து எந்தக் கூடை எங்கே ஒதுங்கிக் கிடக்கிறது என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். மாமா எங்கே கிடந்தான் என்பது, வலைவீசப் போன ஒருவர் பார்த்துவந்து சொல்லும்வரை எங்களுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்து கிடங்கைக் கழுவியதும் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, சுவரில் வரைபடத்தை ஓடவிட்டார். ஆற்றின் மேல்பக்கம் தண்ணீர் அளக்கும் கருவி, மழைக் கணக்கு, எந்தச் சாலை எப்போது மூழ்கும் என்ற கணக்கு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் இரண்டு நாள் முன்பே முடிவெடுத்துவிட்டதாம். அரைகுறையாகப் போக இருந்த லாரிகளை ஒன்றுசேர்த்து நிரப்பி டீசல்கூட மிச்சமாம், புகையும் குறைவாம். 'ஒரு பெட்டிகூட நனையல' என்று அவர் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பக்கத்திலிருந்த பேக்கிங் பெண் என் கையைப் பிடித்து மடியில் வைத்த பிறகுதான் தட்டுகிறேன் என்பதே தெரிந்தது. பிறகு எழுந்து, எங்க தெரு இந்தப் படத்துல இருக்கா சார் என்று கேட்டேன். நல்ல மனிதர்தான், பெரிதாக்கிக் காட்டினார். தெரு இருந்தது, தெருக்கோடி நீலமாக இருந்தது. 'இருக்கும்மா, ஆனா நம்ம சரக்கு இல்லாத எடத்துக்கு அலர்ட் போகாது' என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், டீ ஆறுது குடிங்க என்றார். குடித்தேன். எனக்குக் கோபமும் வரவில்லை. மருந்து தப்பியதும் பொய்யில்லையே, சாலை அறுந்து கிடந்த நாளெல்லாம் மேட்டுக் கிடங்கிலிருந்து சுற்றுவழியில் மருந்து வந்துகொண்டுதான் இருந்தது, எதிர்வீட்டுத் தையற்காரர் மனைவிக்கு ஒரு வேளை இன்சுலின்கூடத் தவறவில்லை. இதையும் அதையும் ஒன்றாக வைக்க மனசில் இடம் இல்லை, தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

உன்னிடம் போனில் சொல்ல வாய் வராத இன்னொன்றும் உண்டு. போன புதன்கிழமை ஸ்கேனரில் மறுபடி மேட்டுக் கிடங்கு என்று வர ஆரம்பித்தது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உள்விஷயம் வெளியே போகக் கூடாது என்பது விதி. ஸ்கேனரை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தேன், அவர் தடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வீடாகப் போய், தண்ணி வரலாம், மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நடக்க முடியாதவர்களை என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நிற்கும்போது நம் கிடங்கு லாரியே தெருமுனையில் வந்து நின்றது, பாதி லோடு, மீதி இடத்தில் ஆட்களை ஏற்றச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பியிருந்தார். நிற்கக் கூடாத இடத்தில் வண்டி நின்றால் டிரைவர் பக்கத்திலிருக்கும் கருவி கூவும், கூவியது. டிரைவர் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு, 'கத்தட்டும், அதுக்கென்ன தொண்டையா கட்டப்போகுது, பெரியவங்கள மொதல்ல ஏத்துங்க' என்றார்.

மழை திசை மாறிவிட்டது. ஆறு கரையைத் தொடக்கூட இல்லை. பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் காலையில் என்னைப் பார்த்தும் பார்க்காமலும் இறங்கிப் போனார்கள். பூட்டாமல் கிளம்பிய ஒரு வீட்டில் கோழிகளைக் காணோம். தையற்காரர் நடுத்தெருவில் நின்று, 'தம்பி போனதுல உனக்குப் புத்தி கலங்கிருச்சு, அதுக்குத் தெருவையே ஓட விடுவியா' என்றார். அவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு வந்து காய் நறுக்கினேன். கிடங்கில் விளக்கம் கேட்டார்கள். நான்தான் தெருவில் சொன்னேன் என்றேன், இல்லை, எல்லாம் நான் சொல்லித்தான் நடந்தது என்றார் சூப்பர்வைசர், இருவரும் போட்டி போட்டு ஒப்புக்கொண்டதில் யாரைத் திட்டுவது என்று மேனேஜருக்கே குழப்பம். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். வேலை போனால் போகட்டும், மோட்டார் கழுவ அப்பாவுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

இப்போது உன் விஷயம். எங்கள் கிடங்குக்குக் கணக்குப் போட்டது உங்கள் கம்பெனி இல்லை, ஆனாலும் நீ, 'நாங்களும் இதேதான் செய்கிறோம் அம்மா, வேலையை விட்டுவிடுகிறேன்' என்றாய். விடாதே. நீ எழுந்தால் அந்த நாற்காலி காலியாக இருக்கப் போவதில்லை, வேறு யாரோ வந்து உட்காருவார், அவருக்கு மாமாவைத் தெரியாது. நீ இருந்து, கிடங்கைச் சுற்றியிருக்கும் தெருக்களுக்கும் ஒரு செய்தி போக வழி வை. தப்பாகப் போனால் கம்பெனிக்குக் கெட்ட பேர் என்று உன் மேலதிகாரிகள் சொல்வார்கள். தப்பாகவும் போகத்தான் செய்யும். போனால் என்ன ஆகும் என்று கேட்டால் எங்கள் தெருவில் பார்த்ததைச் சொல், முதுகு பிடிக்கும், கோழி போகும், நடுத்தெருவில் ஏச்சு விழும்.

நேற்று சாயங்காலம் தையற்காரர் மனைவி நம் மாடிக்கு வந்தாள். பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி எழுந்து ஏறி வந்தாள். அவர் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல வந்திருப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 'அடுத்த தடவ எங்க வீட்டுல மொதல்ல சொல்லுங்கக்கா, எனக்கு நடக்க நேரமாகும்' என்றாள். சரி என்றேன்.

நீ நீண்ட ஆயுளோடு, கைகால் சுகத்தோடு, இருக்கும் இடத்தில் நாலு பேருக்கு உதவியாக இருக்க வேண்டும். ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. அழுகை வந்தால் அடக்காதே, எனக்கு இன்னும் வரவில்லை, என் பங்கையும் நீயே அழுதுவிடு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா