மாடனுக்கு ஆகாத கிடா

வித்துரா
கொல்லம் 1111 வைகாசி 4

ரங்கூனில் இருக்கும் செல்வமகள் சௌபாக்கியவதி ஆவுடையம்மைக்குச் சித்தி உலகம்மை நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம், மனம் மட்டும் எச்சில் இலையை மிதித்துவிட்டுக் கால் கழுவத் தண்ணீர் கிடைக்காதவள் மாதிரிக் குமட்டிக்கொண்டே கிடக்கிறது. பெரியப்பா உனக்கு எழுதுவார், அவர் கடிதம் முந்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் சுகப்பிரசவத்துக்கென்று நம் வீட்டுத் தெய்வமான மாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவின் காதை நான் வெட்டிவிட்டேன். பதறாதே, முழுக்க வாசி.

என் மூத்தாளான உன் அம்மா கல்யாணச் சீதனமாகப் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த கன்னி இன ஆடுகளின் வழியில் இன்று மிஞ்சியிருப்பது மூன்று பெட்டையும் இந்த ஒரு கிடாவுந்தான். நீ கப்பல் ஏறும்போது குட்டியாக நின்றானே, கறுப்பு முகத்தில் கொம்படியிலிருந்து மூக்குவரை இரண்டு வெள்ளைக் கோடு ஓடுமே, அவனேதான். இன்னொரு கிடா தேடி அப்பா போன வருஷம் கயத்தாற்றுப் பக்கமெல்லாம் அலைந்தார், அங்கும் பால் ஆசையில் வடக்கத்திக் கிடாவை விட்டு இனத்தைக் கலந்துவிட்டார்களாம், வெறுங்கையோடு திரும்பினார். நம் பட்டியில் குட்டிகள் ஏன் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துப்போயின என்று நானும் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். காரணம் கண்ணெதிரேயே இருந்தது. மாடனுக்கு ஊனமில்லாத கிடாதான் ஆகும், அதனால் ஒவ்வொரு கோயில் கொடைக்கும் உள்ளதில் உயர்ந்ததைப் பிடித்து வெட்டிவிட்டு நொண்டியையும் சோகையையும் பெட்டைகளோடு விட்டுவைத்தோம், பிறகு இனம் கெட்டுப்போயிற்றே என்று நாமே புலம்பினோம்.

இந்தத் தடவை பெரியப்பா வந்து, "போனக்காட்டு மலையில மரம் வெட்டுத காண்டிராக்ட் கையில வந்தா இந்தக் கிடாவைத் தாறேன்னு மாடன்கிட்டச் சொல்லியாச்சு" என்றார். அப்பா அதிசயமாக, "அண்ணன் காரியத்துக்கு அண்ணன் வேற ஆடு வாங்கும், இது செத்துப்போனவ முதலாக்கும்" என்று மறுத்துவிட்டார். மறுநாளே பெரியப்பா திரும்பிவந்து, "பின்னே உன் மக பேறுகாலத்துக்கே நேர்ந்திருக்கேன், இப்ப என்ன சொல்லுதே?" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். ஒரு பெண்ணின் பிரசவ பயத்தைக் கயிறாக்கி ஆட்டைக் கட்டி இழுக்கிறாரே என்று எனக்குக் கூசியது. கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய அன்று கிடாவுக்கு மாலை போட்டுச் சம்மதம் கேட்டார்கள். மேலே தண்ணீர் தெளித்ததும் அது உடம்பை உலுக்கினால் மாடன் ஏற்றுக்கொண்டதாக வழக்கம், உனக்குத் தெரியும். கிடா உலுக்கவில்லை, மாலையிலிருந்த பூவை நிதானமாகத் தின்றுகொண்டு நின்றது. மறுபடி தெளித்தார்கள், அசையவில்லை. ஆடு மேய்க்கிற தங்கப்பன், "அதினு மனசில்ல கேட்டோ, விட்டேக்கணும்" என்று மலையாளத்தில் விட்டுவிடச் சொல்லிச் சிரித்தான். பெரியப்பா, "நீ போடே, ஆட்டு பாஷை பி.ஏ. படிச்சவன்" என்று அவனைத் தள்ளிவிட்டு, செம்பைச் சரித்துக் கிடாவின் காதுக்குள்ளேயே ஊற்றினார். காதில் தண்ணீர் போனால் எந்த ஜீவன்தான் தலையை உதறாது? உடனே குலவை, மேளம். அவர்களுக்கு நம்பிக்கை இருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் ஆவுடை, தெய்வத்தையே ஏமாற்றுகிறோம் என்ற கூச்சம் ஒரு முகத்திலும் இல்லை. மறுநாள் காலையில் தங்கப்பனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பாக்குவெட்டியால் காது நுனியை நறுக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துவிட்டேன். அது போட்ட கத்தல் இன்னும் எனக்குள் இருக்கிறது, அந்தக் கை என்னுடையது என்பதும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஊனப்பட்ட கிடா இனி மாடனுக்கு ஆகாது.

பெரியப்பா வாசலில் நின்று, "மூத்தா மகளுக்குக் குழி வெட்டிட்டா பாத்தியா, சித்தி புத்தியைக் காட்டிட்டா" என்று ஊர் கேட்கக் கத்தினார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை படித்து என்ன, உன் பெயரை அதில் சேர்த்துவிட்டதால் எனக்கும் உள்ளுக்குள் நடுக்கந்தான், மறைக்கமாட்டேன். கொடைக்குச் சந்தையில் ஒரு கிடா வாங்கி வந்தார்கள். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டபோது பெரியப்பா தன் பெயரைச் சொன்னார், நட்சத்திரத்தைச் சொன்னார், காண்டிராக்டைச் சொன்னார். உன் பெயரைச் சொல்லவில்லை. மறந்தே போனார். பக்கத்தில் நின்ற அப்பா அதைக் கேட்டார். கறிச்சோற்றுப் பந்தியில் உட்காராமல் நேரே தொழுவத்துக்கு வந்து கிடாவுக்குப் பலாக்குழை ஒடித்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் மாடன் முன்னால் தனியே போய் உன் பெயரைச் சொல்லிச் சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்கு மேல் மாடனுக்கு ஒன்றும் வேண்டியிராது.

பெரியப்பா கடிதம் வந்தால் வாசித்துப் பயப்படாதே, மாப்பிள்ளையிடம் காட்டவும் வேண்டாம். இரவில் கண் விழித்துத் தைக்காதே, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு, வலி கண்டதும் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. தீர்க்காயுசாக, மடி நிறைந்து, மனம் நிறைந்து வாழ வேண்டும். பிள்ளை பிறந்ததும் தந்தி அடிக்கச் சொல், மறக்காதே. பெட்டைகளில் மூத்தது நிறைசினை, இந்த மாசப் பாதியில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஈன்றுவிடும். கிடாக்குட்டி விழுந்தால் ஈரம் காயுமுன் காதில் ஒரு வெட்டுப் போட்டுவிட வேண்டும் என்று நேற்று அப்பாவே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு உன் நலமே நினைக்கும் சித்தி,
உலகம்மை