முதல் குரலுக்குப் பதில்

இன்று காலை பார்சல் கொண்டுவந்த ஆள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லி ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டார். "தோ வரேன்!" என்று அடுப்படியிலிருந்தே கத்திவிட்டேன். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆன்டி துணி காயப்போடுவதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். பார்சல்காரர் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, கையெழுத்துகூட வாங்காமல் மோட்டார் சைக்கிளை முறுக்கினார். கிள்ளானில் இப்போதெல்லாம் எந்தத் தமிழ் வீட்டிலும் முதல் குரலுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. மூன்றாவது குரலுக்குத்தான் வாய் திறப்பார்கள். உடனே உன் ஞாபகம் வந்தது. வராமல் என்ன செய்யும், பாவி?

ஊருக்கு இந்தப் பயத்தைக் கொடுத்தது உன் மூன்று குரல் சபைதானே. செத்த பின்னும் எழுந்து நடப்பவர்களை அடக்கும் புனிதச் சபையாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அலுவலகம். கீழே வெள்ளை வேன், வேனுக்குள் இரும்பு ஆணியும் சுண்ணாம்பு டப்பாவும். எழுந்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாலாக் செலாத்தானில், புதைத்து எட்டு நாளான ஒரு பெரியவர் தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தவள்தான். ஆணி இறங்கியபோது ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை, தூசிதான் பறந்தது. அன்று உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நீ சபையில் சேர்ந்த புதிதில் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? "செத்தவங்களுக்குப் பொறுமை கெடையாதுடி. மொத குரல்லயே ஓடி வந்துடுவாங்க. உசுரோட இருக்கறவங்கதான் யாரு, என்னன்னு யோசிப்பாங்க." அறிமுகமில்லாத குரலுக்கு எழுந்தவர்கள் அசைய மாட்டார்களாம். அதனால் நன்றாகப் பழகிய ஒருவர்தான் கூப்பிட வேண்டும் என்பது சபையின் விதி. எவ்வளவு பெருமை உன் முகத்தில்! எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

என் தம்பி சேகரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நாம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கு நடப்போம். தினமும் எங்கள் கேட்டில் நின்று "டேய் சேகர்!" என்று நீ ஒரு சத்தம் போடுவாய். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கையில் தோசையுமாக ஓடி வருவான். இரண்டாவது சத்தத்துக்கு ஒருநாளும் வேலை வைத்ததில்லை அவன்.

செமினி தொழிற்சாலையில் அவனுக்குக் கரண்ட் அடித்தது. மூச்சு நின்றுவிட்டது, டாக்டரும் கையை விரித்துவிட்டார். பிறகு தானாகவே இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். எங்கள் வரிசை வீடுகளில் எவரோ ஒரு புண்ணியவான் சபைக்குப் போன் போட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியது நீ.

ஓடி வந்து உன் கையைப் பிடித்தேன். "வேற யாரையாச்சும் கூப்பிடச் சொல்லுடி. ஒன் குரல்னா அவன் யோசிக்க மாட்டான், ஒனக்கே தெரியும்."

"ரூல்ஸ் ரூல்ஸ்தான்லா. பழகின குரல்தான் கூப்பிடணும்," என்று கையை உதறினாய்.

காலையிலிருந்து அவனிடம் நூறு தடவை சொல்லியிருந்தேன், யார் கூப்பிட்டாலும் மூன்று குரல் எண்ணிவிட்டுப் பதில் சொல்லடா என்று. சரி சரி என்றான். நீ கூப்பிட்டாய். அதே சத்தம், அதே "டேய் சேகர்!" அவன் உள்ளே மைலோவில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான். "தோ வரேன்க்கா!" என்று குவளையும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தான்.

ஆணி இறங்கியதும் சிமெண்ட் தரையில் ரத்தம் ஓடியதே, பார்த்தாயா இல்லையா? பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். தாளில் "அடக்கப்பட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனில் ஏறினாய். சபை தவறு செய்யாதாம். எட்டாம் நாள் ஒரு மெசேஜ் அனுப்பினாய், "விதிடி" என்று. விதியாம் விதி! விதி ஆணியை எடுத்துக்கொண்டு வேனிலா வரும்?

நான்கு வருடம் உன் முகத்தில் விழிக்கவில்லை. போன மாதம் உனக்கு மாரடைப்பு. முடிந்துவிட்டது என்று துணியால் மூடிய பிறகு எழுந்து உட்கார்ந்தாயாம். சபைக்காரர்கள் நேரே என்னிடம்தான் வந்தார்கள். "அக்கா, ஒங்க குரல்தான் அவங்களுக்கு ரொம்பப் பழக்கம். நீங்கதான் கூப்பிடணும்," என்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் உன் கதவுக்கு முன்னால் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனசு முழுக்கப் பழிவெறி. நிஜப் பெயர் போதாதென்று, பள்ளியில் நான் மட்டும் உன்னைக் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு உன்னால் சும்மா இருக்க முடியாது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன்.

"வரேன்டி!" என்றாய். முதல் குரலிலேயே.

உன் ரத்தம் என் செருப்பு வரைக்கும் ஓடி வந்தது. சூடாக இருந்தது.

விதியை ஊருக்கெல்லாம் ஓதியவள் நீ. தெரிந்தே வாயைத் திறந்தாயா? இல்லை, சேகரைப் போல, என் குரல் என்றதும் யோசிக்காமல் ஓடி வந்துவிட்டாயா? தெரிந்தே செய்திருந்தால், அதில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, ஒன்றும் சரியாகவில்லை. தெரியாமல் வந்திருந்தால் நான் என்னடி செய்வேன்?

சபையில் உன் இடத்தை எனக்குத் தருகிறோம் என்று வந்தார்கள். காறித் துப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதில் சொல்கிறேன்.

ஆன்டி இந்நேரம் சபைக்குப் போன் போட்டிருப்பார். வரட்டும் அவர்கள். பழகிய குரல்தானே கூப்பிட வேண்டும்? இந்தக் கேட்டில் நின்று என்னை உரிமையோடு கூப்பிட்ட குரல்கள் இரண்டுதான். இரண்டையும் அவர்களே அடக்கிவிட்டார்கள்.