மாற்றி வாங்கிய தேதி

அக்கா,

நேற்று மேடை ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது திரைக்குப் பின்னால் யாரோ தைலக் குப்பியைத் திறந்தார்கள். ஐந்தாம் படிவத்து மாணவி ஒருத்தி, தலைவலி என்று நெற்றியில் தடவிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் ஏறியதும் கையிலிருந்த பட்டியலை மறந்து திரும்பிப் பார்த்தேன். திரைக் கயிறு தொங்கும் இடது மூலை, நீங்கள் எப்போதும் நிற்கும் இடம். அங்கே மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"யாரைத் தேடுறீங்க டீச்சர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"யாரையும் இல்ல. நீ போய் உன் இடத்துல நில்லு."

கடைசி வருடம் உங்கள்மேல் எப்போதும் அந்த வாசம்தான். வயிற்றில் தைலத்தைத் தடவிக்கொண்டு வேலைக்கு வருவீர்கள். கேட்டால், "வயித்துல காத்து லா டீச்சர். நேரத்துக்குச் சாப்பிடலன்னா இப்படித்தான்" என்பீர்கள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நாம் பழகியதே ஒரு குளறுபடியில்தான். மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளுக்கான தமிழ் நாடக விழாவை நம் பள்ளியில் நடத்துகிறேன் என்று நான் கூட்டத்தில் வாயைக் கொடுத்துவிட்டு வந்த வருடம் அது. ஏழு பள்ளிகள், ஒரு மேடை, உடை மாற்ற இரண்டு வகுப்பறைகள், அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை. நாடகம் எழுதத் தெரியும், நடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரியும், பத்து நாடகம் பார்த்த அனுபவமும் உண்டு என்று நினைத்திருந்தேன். ஒரு நாடகம் முடிந்து இன்னொன்று தொடங்குவதற்குள் கட்டிலையும் மரத்தையும் அரண்மனையையும் யார் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கமாக ஓடுவது என்று ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

மூன்றாவது நாடகத்தில் திரை பாதி வேலையிலேயே ஏறிவிட்டது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ராஜா பனியனோடு நின்றார், ஒரு கையில் கடித்த கறிபாப், மறு கையில் மீசை. மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. நீங்கள் அலுவலகத்திலிருந்து நற்சான்றிதழ்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தீர்கள். அந்தச் சான்றிதழ்க் கட்டை என் நாற்காலியில் வைத்தீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டுப் படியில் ஏறித் திரைக்குப் பின்னால் போனீர்கள். அதன்பிறகு மாலைவரை ஒரு பிசகும் இல்லை. பள்ளியில் பத்து வருடமாக வரவு ஏட்டையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகக் கிராணிக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று நான் வியந்ததைப் பார்த்து, "எட்டு பேர் குடியிருந்த ரெண்டு ரூம் வீட்ல வளர்ந்தவ டீச்சர் நான்" என்றீர்கள்.

அடுத்த வருடத்திலிருந்து பின்மேடை உங்கள் ராஜ்யமானது. பள்ளிக்கு ஒரு நிறமாக ஒட்டுத்தாள் வாங்கிவந்து, எந்தப் பள்ளியின் பொருள் மேடையில் எங்கே வர வேண்டும் என்று தரையில் குறியிட்டீர்கள். அறிவியல் கூடத்து நடைபாதையில் பொருள்களெல்லாம் மேடையேறும் வரிசையில் நின்றன. இரண்டு நாடகங்களுக்கு நடுவே ஏழு நிமிடம், அதற்கு முட்டை அவிக்கிற டைமர் ஒன்று. பின்னால் எல்லாரும் காலுறையோடுதான் நடக்க வேண்டும். நீங்கள் கறுப்பு பாஜு சட்டை போட்டு, தோளில் ஊக்குகளை வரிசையாகக் குத்திக்கொண்டு இருட்டில் நிற்பீர்கள். நான் பதற்றத்தில் எட்டிப் பார்த்தால் துரத்திவிடுவீர்கள். "முன்னால நடக்கறது உங்க பாடு, பின்னால நடக்கறது என் பாடு. போய் உட்காருங்க லா." ஐந்து வருடம் அப்படியே போனது. விழாவைப் பாராட்டியவர்கள் எல்லாரும் என் பெயரைச் சொன்னார்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது வருடம் விழாவுக்குப் பத்து நாள் இருந்தபோது நான் அலுவலகத்தில் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றீர்கள்.

"டீச்சர், அடுத்த வாரம் வியாழக்கிழமை நான் வர முடியாது போல. ஆஸ்பத்திரியில டேட் கொடுத்திருக்காங்க. வயித்த ஸ்கேன் பண்ணணுமாம்."

வியாழக்கிழமை மேடை ஒத்திகை. ஏழு பள்ளிகளும் வரும் நாள்.

"வியாழக்கிழமையாக்கா?" என்றேன். என் குரல் எனக்கே இப்போதும் கேட்கிறது. "ஐயோ, நீங்க இல்லாம எப்படி? மாத்தி வாங்க முடியாதா? விழா முடிஞ்ச கையோட போயிட்டு வந்துடலாமே."

நகலெடுக்கும் இயந்திரத்திலிருந்து விழுந்த தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தீர்கள். பிறகு, "கேட்டுப் பார்க்கிறேன்" என்றீர்கள்.

மறுநாள் உங்கள் மேசையில் அந்த அட்டையைப் பார்த்தேன். பழைய தேதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய தேதியை எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் தள்ளி. பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பல தடவை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. வியாழக்கிழமை நீங்கள் இருப்பீர்கள் என்ற நிம்மதி.

விழா அன்று காலை, நிபோங் திபாலிலிருந்து வரவேண்டிய பேருந்து, தீவுக்கு வரும் பாலத்தில் ஜாமில் மாட்டிக்கொண்டது. முதலில் ஏற வேண்டிய பள்ளி அது. நான் கைபேசியைக் காதில் வைத்தபடி அலைந்துகொண்டிருந்தேன். நீங்கள் சுவரில் சாய்ந்து பட்டியலைப் பார்த்தீர்கள், நான்கு அம்புக்குறி போட்டீர்கள். "ரெண்டாவது பள்ளி இப்ப ஏறட்டும். அவங்கள கடைசியில போடலாம். அவங்களுக்குத்தான் பெரிய வீட்டுச் சுவர் இருக்கு, கடைசியில வந்தா நமக்கும் நல்லது." பத்து நிமிடத்தில் மண்டபத்துக்கு எதுவும் தெரியாமல் விழா தொடங்கியது.

அந்தக் கடைசி நாடகம் தோட்டத்து வீடு ஒன்றைப் பற்றியது. ஒட்டுப்பலகையில் செய்து வண்ணம் பூசிய பெரிய சுவர், நடுவில் ஒரு சன்னல். நான் முதல் வரிசையில் சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் இருந்தேன். வீட்டை விற்றுவிட்டதாக மகன் அப்பாவிடம் சொல்லும் கட்டத்தில் சுவர் ஒருமுறை பின்பக்கம் ஆடியது. ஆனால் விழவில்லை, அப்படியே நின்றது. நாடகம் முடிந்து மண்டபமே எழுந்து கைதட்டியது. விருந்தினர் என் பக்கம் திரும்பி, "பிரமாதம் டீச்சர், சுவர் நிஜச் சுவர் மாதிரியே இருக்கு" என்றார்.

உங்களை மேடைக்கு அழைத்துவர வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது. பின்னால் ஓடிவந்தேன். சுவரின் முட்டுக்கட்டை முறிந்து தரையில் கிடந்தது. நீங்கள் உட்கார்ந்து, முதுகை அந்தப் பலகையில் கொடுத்து, இரண்டு காலையும் மேடைத் தரையில் ஊன்றியிருந்தீர்கள். நாடகத்தின் பிற்பாதி முழுக்க அந்தச் சுவரை உங்கள் முதுகுதான் தாங்கியிருக்கிறது. முகத்தில் வேர்வை, உதடு வெளுத்திருந்தது.

"வாங்கக்கா, மேடைக்கு வாங்க, கூப்பிடறாங்க."

"நடக்க முடியல டீச்சர். நீங்க போங்க."

நானும் ஒரு மாணவியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். நீங்கள் அவ்வளவு லேசாக இருந்தீர்கள். நல்ல உடம்புக்காரியாக இருந்தவர் நீங்கள். அந்த லேசு என் கைக்குத் தெரிந்தது, கை சொன்னது எனக்கும் எட்டியது. ஆனால் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

திங்கட்கிழமையே உங்களை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அறிக்கை எழுதும் வேலை வந்தது. பிறகு படங்களை அனுப்பும் வேலை, நன்றிக் கடிதங்கள். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொடுத்ததும் நீங்கள்தான்.

புதிய தேதிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அலுவலகத்தில் மயங்கி விழுந்தீர்கள். என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நாள் கழித்து, திரையால் மறைத்த படுக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண். புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். கோப்பைப் புரட்டிவிட்டு, "முதலில் ஒரு தேதி இருந்திருக்கிறதே, ஏன் வரவில்லை?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேலை இருந்துச்சு டாக்டர்" என்றீர்கள்.

வெளியே நடைபாதையில் மருத்துவரின் பின்னாலேயே போய், அந்த முதல் தேதியிலேயே வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எனக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும். அந்த இரண்டு சொல்லில் எனக்கு நிற்கவும் இடமில்லை, விழவும் இடமில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தீர்கள். வாரம் இரண்டு முறை உங்கள் சுங்கை பினாங் வீட்டுக்கு வருவேன், கஞ்சியோ பழமோ எடுத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் லிஃப்டில் ஏறும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒருநாள் தொடங்கியும் விட்டேன். "அக்கா, அன்னிக்கு நான் அந்தத் தேதிய..." நீங்கள் கையை லேசாகத் தூக்கினீர்கள். "அந்த முட்டுக்கட்டைக்கு ரெண்டு ஆணி பத்தாது டீச்சர். நாலு அடிக்கச் சொல்லணும்." மன்னித்தீர்களா, பேச்சு வேண்டாம் என்றீர்களா, களைப்பா? இதுவரை தெரியவில்லை. அதன்பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை.

சாவு வீட்டில் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் உங்கள் மகள் தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொழிற்சாலைச் சீருடையை மாற்றக்கூட இல்லை, வேலையிலிருந்து நேராக ஓடிவந்தவள்.

"டீச்சர், அம்மா ஏன் அந்த ஸ்கேன் டேட்ட மாத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நீங்கள் இரண்டடி தூரத்தில் படுத்திருந்தீர்கள்.

"தெரியாதும்மா" என்றேன்.

போன வருடம் விழாவை நடத்தவில்லை. இந்த வருடம் பெற்றோர்கள் கேட்டார்கள், மறுக்க ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. பின்மேடையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நேற்று தைல வாசத்துக்குப் பிறகு மேடையில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. இன்று காலை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்குக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. தர்ஷினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரும்புக் கதவைத் திறந்து, "வாங்க டீச்சர், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். பாலில்லாத தே ஓ கலக்கிக்கொண்டு வந்து வைத்தாள். கோப்பையைத் தொடாமல் சொன்னேன். நகலெடுக்கும் இயந்திரம், வியாழக்கிழமை, நான் கேட்ட கேள்வி, நான் பார்த்த அட்டை. சாவு வீட்டில் பொய் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும். பாதியில் அழுகை வந்தது. அவள் அழவில்லை. நான் முடிக்கும்வரை மடியில் கிடந்த ஈரத் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"டேட் மாத்தின அன்னிக்கே அம்மா சொன்னாங்க. நான் சத்தம் போட்டேன். 'டீச்சர் பாவம், அவங்களால தனியா சமாளிக்க முடியாது'ன்னாங்க. கடைசியில ஆஸ்பத்திரியில இருக்கும்போதும் சொன்னாங்க, 'டீச்சர்கிட்ட இதப் பத்தி எதுவும் கேட்காதே'ன்னு." துண்டை மேசையில் வைத்தாள். "நான் கேட்டேன். நீங்களா சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன்."

வெளியே எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தீபாவளிக்கும் உங்களுக்கு மெசேஜ் அனுப்பினேன்" என்றாள். "அப்பவாவது ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு. முறுக்குப் படம் அனுப்பினீங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உங்களைப் போலவே குரலை உயர்த்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அது அம்மாகிட்ட கேட்க வேண்டியது டீச்சர்" என்றாள். அதையும் கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்ததும் வாசல்வரை கூட வந்தாள். லிஃப்ட் வரும்வரை பின்னால் நின்றுகொண்டிருந்தாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் உங்களிடம் கேட்கச் சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்தும், கேட்டுவிட்டதாகத் தோன்றவில்லை. இத்தனை நாளும் நான் சுமந்தது நீங்கள் எனக்காக மறைத்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். மறைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். உங்கள் மகள் இரண்டு வருடம் எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள், நான் அந்த வழியாக முறுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் யார் வந்து "அன்னிக்கு வர முடியாது டீச்சர்" என்றாலும் ஏன் என்று கேட்பதில்லை. போ என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். "மாத்தி வாங்க முடியாதா" என்ற அந்தச் சொற்கள் இன்னும் என் நாக்கின் நுனியிலேயே இருக்கின்றன. நேற்றுகூட, தலைவலி என்ற அந்தப் பிள்ளையிடம் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை அக்கா. உன் இடத்தில் நில் என்றுதான் சொன்னேன். அவளும் நின்றாள்.