கை கொடுக்காத வியாழன்

மார்ச் 6, ஞாயிறு

இந்த நோட்டு எங்கள் ஆலயத்துப் பாதிரியார் அபூனா அபாதீர் கொடுத்தது. அட்டையில் ஒரு வாத்து. "யாரையாவது கேலி பண்ண வாய் அரிச்சா சொல்லாதீங்க பஹீகா, இதுல எழுதுங்க" என்றார். நேற்று முளைத்த தாடி, ஐம்பத்திரண்டு வயசுக்காரிக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறது! ஆலயத்து முதியோர் வகுப்பில் படித்த எழுத்துதான் எனக்கு. அட்டையில் இருக்கும் வாத்து இதைவிட நேராக நடக்கும்.

சரி, நேரம்தான் கொட்டிக் கிடக்கிறதே. பெருநோன்பு தொடங்கிவிட்டது. ஐம்பத்தைந்து நாள் நம் கிறிஸ்தவ ஆட்களுக்குக் கல்யாணம் கிடையாது. நடுவில் ரமலானும் வந்துவிடும், அந்தப் பக்கத்துப் பெண்களும் கூப்பிட மாட்டார்கள். மணப்பெண்ணே இல்லாத இந்த ஷுப்ராப் பேட்டையில், சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சின பாகை வைத்துக்கொண்டு நான் யார் காலில் முடி எடுப்பது? அபூனாவின் தாடியிலா?

இன்றைய அரிப்பு: நாலாம் மாடி இன்ஸாஃப். ஆலயத்துக்குள் நுழைந்ததும் ஒரு புனிதர் படம் விடாமல் முத்தம். புனிதர் மார் கிர்கிஸ் படத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் குதிரைக்குக்கூட ஒன்று. குதிரை முகம் சுளித்ததை நான் பார்த்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் போதுமா, பரலோகம் வாடகைக்குக் கிடைத்துவிடுமா?

ஒரே படிக்கட்டு. நான் இரண்டாம் மாடி. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

மார்ச் 9

ஃபூல் அவரை. நேற்றும் ஃபூல். என் வயிற்றைத் தட்டினால் பானைச் சத்தம் வருகிறது.

மார்ச் 20, ஞாயிறு

ஊதாரி மகன் ஞாயிறு. பாடகர் தொண்டையைத் திறந்தார், ஆட்டுக்கொட்டில் ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் ஒருத்தி அத்தரில் குளித்து வந்திருந்தாள். தூபத்துக்கே மூச்சு முட்டியிருக்கும். பிரசங்கத்தில் அபூனா மூத்த மகனைப் பிடித்துக்கொண்டார். தம்பி திரும்பி வந்த விருந்துக்குள் வராமல் வாசலில் நின்று கணக்குப் பேசியவன். இன்ஸாஃபைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கேட்டேன்.

பிறகு வழக்கம் போல அந்த நேரம் வந்தது. "ஒருவரையொருவர் வாழ்த்துங்கள்." எல்லாரும் திரும்பி, பக்கத்திலிருப்பவர் உள்ளங்கையைத் தொட்டு, தங்கள் விரலை உதட்டில் வைத்துக்கொள்வார்கள். நான் அப்போது பைக்குள் குனிந்து எதையோ தேடுவேன். ஒன்பது வருஷமாகத் தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை. தலை நிமிர்ந்ததும் வெளியே நடையைக் கட்டிவிடுவேன், அப்பமும் திராட்சரசமும் தருகிற நற்கருணைக்கு நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால், "உடம்பைக் குறைக்கிறேன்" என்பேன். சிரிப்பார்கள். சிரித்தால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

மார்ச் 27

படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். இன்ஸாஃபின் மகள் யுஸ்தீனாவுக்குக் கல்யாணமாம், மே எட்டு. மாப்பிள்ளை அலெக்சாந்திரியாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். அவளுக்கு முப்பத்துநாலு.

எழுதித் தொலைத்துவிடுகிறேன். வாத்து மட்டும்தானே படிக்கப் போகிறது.

அப்போது யுஸ்தீனாவுக்கு இருபத்தைந்து. பேசி முடித்து மோதிரம் போட்டிருந்தார்கள். விருந்துக்கு முன்னால் உடம்புக்குப் பாகு போட நான்தான் போனேன். சின்ன வயசில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி, முதுகு முழுக்கத் தழும்பு. மறு வாரம் வேறொரு வீட்டில், பெண்கள் கூட்டமாக டீ குடிக்கும் இடத்தில், என் வாய் சும்மா இருந்ததா? "அந்தப் பொண்ணு முதுகுல எகிப்து வரைபடமே இருக்குடி. தேடினா நைல்கூடக் கிடைக்கும்." உருண்டு உருண்டு சிரித்தார்கள். நானும்தான். அதில் ஒருத்தி அப்போதைய மாப்பிள்ளையின் சித்தி. நாலாம் நாள் மோதிரம் திரும்பி வந்துவிட்டது.

இன்ஸாஃப் இறங்கி வந்து என் வாசலில் நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். "என் பொண்ணு உன்னை நம்பித்தான் சட்டையைக் கழட்டினா, பஹீகா" என்றாள். போய்விட்டாள்.

அன்று முதல் நான் நற்கருணைப் பக்கம் போகவில்லை. இந்த வாயாலா? இந்த வாயாலயா வாங்குறது?

ஏப்ரல் 3

பாவசங்கீர்த்தனம் செய்தேன். அபூனாவிடம் முழுக்கச் சொல்லிவிட்டேன், நைல் உட்பட.

"ஒன்பது வருஷம் வரக்கூடாதுன்னு யார் தடை போட்டாங்க?"

"நான்தான்."

"உங்களுக்கு யார் அந்த அதிகாரம் கொடுத்தது? காலையில பாடகருக்குத் தீர்ப்பு, மத்தியானம் இன்ஸாஃபுக்கு, கடைசியில உங்களுக்கே தூக்கு. அந்த நாற்காலி வேற ஒருத்தரோடது பஹீகா. எழுந்திரிங்க."

"மெட்ரோவுல கர்ப்பிணிக்கே எவளும் எழுந்திரிக்க மாட்டேங்கிறா, அபூனா."

அவர் சிரிக்கவில்லை. "நாற்காலிக்காரர் அதுல உட்காராம இறங்கிப் போய்ச் சிலுவையில ஏறிட்டார். காலி இடம்னு நாம ஏறி உட்கார்ந்துட்டோம்."

தலையில் கை வைத்து மன்னிப்பு ஜெபம் சொன்னார். கை லேசாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கழுத்து வலித்தது. "நாலாம் மாடிக்கும் ஒரு தடவை ஏறிப் போங்க" என்றார். ஏறுவது அவரா? என் முட்டியை அவர் பார்த்ததில்லை.

ஏப்ரல் 12

கண்டுபிடித்துவிட்டேன்! என்னை மாதிரிக் களவாணிக்கென்றே கர்த்தர் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார்.

பாடுகளின் வாரத்தில் செவ்வாய் சாயங்காலம் தொடங்கி ஈஸ்டர் வரை யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. யூதாஸ் முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்தானே, அதனால். ஆனால் வியாழக்கிழமை பூசை உண்டு, நற்கருணையும் உண்டு. வாழ்த்து மட்டும் கிடையாது! அன்றைக்குப் போனால் இன்ஸாஃப் பக்கம் திரும்பவே வேண்டாம். வரிசையில் நின்றோமா, வாங்கினோமா, வந்தோமா.

அபூனாவிடம் சொன்னேன். தாடிக்குள் ரொம்ப நேரம் இருமினார்.

"இதை நீங்களேவா கண்டுபிடிச்சீங்க?"

"பின்னே, பிஷப்பா சொல்லிக்கொடுத்தார்?"

"இல்ல, சும்மா கேட்டேன். வியாழக்கிழமை வாங்க."

ஏப்ரல் 17

குருத்தோலை ஞாயிறு. எல்லாரும் ஓலையில் சிலுவை பின்னினார்கள். இன்ஸாஃப் கழுதை பின்னினாள். நல்ல சாயல், குடும்பக் களை.

அடித்துவிடலாமா இதை? இருக்கட்டும். எழுதத்தானே சொன்னார்.

ஏப்ரல் 19, செவ்வாய்

இன்று சாயங்காலம் வரைக்கும்தான் கை கொடுக்கலாம். மூன்று தடவை படி ஏறினேன். மூன்றாம் மாடி வரை. மேலே பருப்பு தாளிக்கிற வாசம். அவள் செருப்பு வாசலில். என்ன சொல்றது? 'உன் பொண்ணோட ஒன்பது வருஷத்தைத் தின்னுட்டேன், மன்னிச்சிரு'ன்னா? அவ கதவைத் திறக்காம இருந்தா? திறந்துட்டா?

எல்லாரையும் நாக்காலேயே உரித்துப் போடுகிறவள், ஒரு கதவைத் தட்டப் பயந்து இறங்கி வந்தேன். த்தூ. வீரி.

ஏப்ரல் 21, வியாழன்

நடந்தது நடந்தபடி.

தலையில் முக்காடு, வாய்க்கு மறைப்பாகப் பிடிக்கிற வெள்ளைத் துணி, எல்லாம் சரியாகத்தான் போனேன். வாழ்த்து இல்லாமலே பூசை நகர்ந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு. திரும்பினேன்.

இன்ஸாஃப்.

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. என் முகம் எப்படி இருந்ததோ. துணிக்குள்ளிருந்தே முணுமுணுத்தாள்: "கை கொடுக்க வேண்டாம்னுதானே இன்னைக்கு வந்திருக்கே?"

"ஆமா. நீ?"

"நானும்தான். ஒன்பது வருஷமா இந்த ஒரு நாள்தான் வாங்குறேன். மத்த ஞாயிறெல்லாம் முன்னாடி போய் உட்கார்ந்துட்டு, வாங்குற நேரத்துல கண்ணை மூடிக்குவேன். உனக்குக் கை கொடுக்காம எப்படி வாங்குறது?"

குதிரைக்கு முத்தம் கொடுத்தவளை நான் என்னவெல்லாம் சொன்னேன்! ஒருநாளாவது கடைசி வரை நின்றிருந்தால், அவளும் நற்கருணைக்கு எழுந்து போகாததைப் பார்த்திருப்பேன். அவளைப் பார்க்கக் கூடாது என்றுதானே ஓடினேன்.

இரண்டு களவாணிகள், ஒரே சந்து.

என்னால் முடியவில்லை. வரிசையை விட்டு விலகினேன். அவள் என் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எங்கடி ஓடுறே?"

"நான் வாங்க மாட்டேன். நீ போ. உன் பொண்ணுக்கு நான்..."

"வாயை மூடு. துணியைப் பிடி."

"கையைப் பிடிக்காதே, இன்னைக்குக் கூடாது."

"நான் கையையா பிடிச்சேன்? சட்டையத்தான் பிடிச்சிருக்கேன். அதுக்கு ஒரு தடையும் இல்ல. நட."

ஆட்டைச் சந்தைக்கு இழுக்கிற மாதிரி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அபூனா எங்கள் இருவரையும் பார்த்தார். அந்த இருமல் எதற்கு என்று இப்போதுதான் விளங்கியது, கள்ளத் தாடி! இரண்டு பேர் பாவத்தையும் காதில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல் நின்றிருக்கிறார்.

வாங்கினேன். இந்த வாயால்தான்.

வெளியே முற்றத்தில் இன்ஸாஃப் சொன்னாள்: "உன்னை நரகத்துல பூட்டி வச்சேன் பஹீகா. காவலுக்கு நானும் அங்கேயே உட்கார வேண்டியதாப் போச்சு." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சட்டை கிழிஞ்சிருந்தா தைச்சுத் தரேன்" என்றாள்.

கிழிந்துதான் இருந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 24, ஈஸ்டர்

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். நான் பைக்குள் எதையும் தேடவில்லை. இன்ஸாஃப் பின்வரிசைக்கு வந்தே கை கொடுத்தாள். உள்ளங்கை முழுக்க வெங்காய வாசம்.

"யுஸ்தீனாவுக்குப் பாகு நீதான் போடணுமாம்" என்றாள். "ஷுப்ராவுல வேற ஆளா இல்லன்னு கேட்டேன். நீதான்ங்கிறா. பைத்தியக்காரி."

ஐம்பத்தைந்து நாளுக்கு அப்புறம் கோழி சாப்பிட்டேன். பாதியை எடுத்து வைத்துவிட்டேன்.

மே 7, சனி

நாலாம் மாடி. முழுதாக ஏறிவிட்டேன். முட்டி இரண்டும் என்னைச் சபித்தன.

யுஸ்தீனா முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பில் பாகு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கைக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என்ன அத்தை, சத்தத்தையே காணோம்? உங்க வாயைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

"மன்னிச்சிரு கண்ணு."

"அது அப்பவே ஆச்சு. இப்போ நைல் எங்க இருக்குன்னு காட்டுங்க. ஒன்பது வருஷமாத் தேடுறேன், கண்ணாடியில பாத்தா இடம் வலமா மாறிப்போகுது."

தோளிலிருந்து இடுப்பு வரை விரலால் மெதுவாகக் கோடு இழுத்தேன். "இதோ. இங்க ஆரம்பிச்சு இப்படியே இறங்குது."

"அட, அழகாத்தான் போகுது" என்றாள்.

பிறகு ஆலயத்தில் செய்கிற மாதிரி அந்த விரலை என் உதட்டில் வைத்துக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை. வாசலில் நின்ற இன்ஸாஃப் பார்த்துவிட்டாள்.

"அடியே, பூசையெல்லாம் அப்புறம் வச்சுக்கோ. பாகு கருகுது!"

கருகித்தான் போயிருந்தது. சர்க்கரை வாங்கி மறுபடி காய்ச்சினேன்.